மூன்றாவது ஓலைக்கு முன்னால் ஒரு விக்கினம்

என் மகளின் கல்யாணத்துக்கு விக்கினம் சொன்னவள் நான்தான். பெற்ற தாயே வந்து விக்கினம் சொன்னதை எங்கள் கோயில் பங்கில் அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். இருக்கலாம்.

மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வேதத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இதற்குத் தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடிப்பார். அந்தத் தடைக்குத்தான் விக்கினம் என்று பெயர். யாரும் எதுவும் தெரிவிப்பதில்லை. அந்த வரி வரும்போது பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், மடியில் தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றிப் போடுவார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில், இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு நான் சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

பங்குச்சாமியார் வயதானவர். காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார்.

"என்ன விக்கினம் டீச்சர்? அத்தை மகன்தானே? அதுக்குத்தான் ஆயர்கிட்ட விதிவிலக்கு கேட்டு எழுதியாச்சே. நம்ம பக்கம் எல்லாக் கல்யாணத்துக்கும் எழுதுறதுதானே."

"அது இல்லீங்க சாமி. ஞான உறவு."

"புரியல."

"மாப்பிள்ளையோட அம்மாதான் எம் பொண்ணுக்கு ஞானத்தாய். பொறந்தப்ப தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்ததும் அவங்கதான். அப்ப அவங்க மகன் எம் பொண்ணுக்கு ஞான அண்ணன் ஆகுது. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் எப்படி சாமி கல்யாணம் பண்றது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அரியலூரில் பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள், விளையாட்டுக்கு வந்து பேசுகிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். "நான் குருமடத்துல படிச்சு ரொம்ப நாளாச்சு," என்றார். "இதை மேலே எழுதித்தான் கேக்கணும்."

நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. என் பிறந்த ஊர் உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில். அங்கே ஞானத்தாயின் பிள்ளையும் நம் பிள்ளையும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, கொள்வினை கொடுப்பினை கிடையாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்க ஒருத்தியை ஞானத்தாயாகக் கூப்பிடும்போதே அந்த வீட்டில் நம் பிள்ளைக்கு முறையுள்ள பிள்ளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நான் மயங்கிக் கிடந்தேன்.

என் மகள் பிறந்தது அரியலூர் ஆஸ்பத்திரியில். எனக்கு ரத்தம் நிற்கவில்லை. குழந்தை நீலம் பாரித்து, அழாமல் கிடந்ததாம். நர்ஸ் டாக்டரைத் தேடி ஓடிவிட்டாள். என் கணவர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். துணைக்கு வந்திருந்த நாத்தனார் மட்டும் அறையில் இருந்தாள். சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பக்கத்தில் இருக்கிற யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்லலாம். நாத்தனார் ஊற்றினாள். பெயரும் வைத்தாள். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுததாம். பிள்ளை தேறிய பிறகு கோயிலுக்குக் கொண்டுபோய் மிச்சச் சடங்குகளைச் செய்தபோது, ஞானத்தாய் யார் என்று யாரும் என்னைக் கேட்கவே இல்லை. வேறு யார் நிற்பார்கள்?

அதற்குப் பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் அந்தக் கதைதான். "ஒனக்கு உசுரு குடுத்தவ ஒங்க அத்தடி" என்று யாராவது என் மகளின் கன்னத்தைக் கிள்ளுவார்கள். பத்து மாதம் வயிற்றில் வைத்திருந்தது கதையில் வராது. பக்கத்திலேயே நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருப்பேன்.

நாத்தனாருக்குப் பெரம்பலூரில் வீடு. மூன்றும் ஆண் பிள்ளைகள். பள்ளி லீவு விட்டதும் என் மகள் பையை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறிவிடுவாள். திரும்பி வரும்போது தலையில் வேறு எண்ணெய் மணக்கும், பின்னல் வேறு மாதிரி இருக்கும். "அத்த இப்படித்தான் போடும்" என்பாள். என் குழம்பில் புளியைக் குறைக்கச் சொல்வாள். அவள் பெரியவளானதும் பெரம்பலூரில்தான். எனக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது பஸ் கண்டக்டர். பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், "ஒங்க நாத்தனாரு சொல்லச் சொன்னாங்க டீச்சர், நல்ல விசேசம்தான்" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் நாத்தனார் என் மகளை மணையில் உட்காரவைத்து, தெருப் பெண்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்து முடித்திருந்தாள். மிச்சம் இருந்த சர்க்கரையில் எனக்கும் ஒரு கை கொடுத்தாள்.

ஆகவே அவள் தன் மூத்த மகனுக்குப் பெண் கேட்டு வந்தபோது எனக்குத் திகைப்பு ஒன்றும் இல்லை. பையன் நல்லவன்தான். எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் இடத்தில் வேலை. குடி கிடையாது. அத்தை மகன், உரிமை உள்ளவன். என் கணவருக்கு வாயெல்லாம் பல். என் மகள் அடுப்படியில் நின்று சிரித்ததை நான் பார்த்தேன். எனக்கு மட்டும் திருச்சியில் பாங்க்கில் வேலை பார்க்கும் ஒரு வரன் மனசில் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மாமியாரிடம் என் மகள் போனால் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வருவாள். நாத்தனார் வீட்டுக்குப் போனால் எதற்கு வருவாள்?

விக்கினம் சொன்ன விஷயம் மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் இரண்டு நடை நடந்தார். "ரோமாபுரிக்கும் ஒரு கார்டு எழுதிப் போடேன், பாப்பரசர் சும்மாதான் இருப்பாரு" என்றார். அதற்கு மேல் அவருக்குக் கோபப்படத் தெரியாது. மகள்தான் என்னெதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீ ஏதாவது சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்மா. மொத ஓலையிலயே சொல்லியிருக்கலாம். ரெண்டாவது வரைக்கும் ஏன் காத்திருந்த?"

"நீ வந்து ஒரு வார்த்த கேப்பேன்னு பாத்தேன்."

"என்னன்னு கேக்கணும்?"

"போகட்டுமாம்மான்னு."

அவள் எழுந்து போய், அத்தை பழக்கி வைத்திருந்த மாதிரியே குழம்பில் புளியைக் குறைத்தாள்.

பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு அதிக நாள் இல்லை. அதற்குள் மேலேயிருந்து முடிவு வராவிட்டால் எல்லாம் பாஸ்கா கழிந்துதான். தள்ளிப்போனால் மனசு மாறும், திருச்சி வரன் இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அடுத்த வாரமே ஆயர் இல்லத்திலிருந்து ஓர் இளம் சாமியார் பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டார்.

அவர் ரோமாபுரியில் திருச்சபைச் சட்டம் படித்துவிட்டு வந்தவர், மறைமாவட்டத்தில் கல்யாண வழக்குகளை விசாரிப்பவர். தோல்பையும் கண்ணாடியுமாக, முகத்தில் அம்மைத் தழும்போடு, எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த வாத்தியார் மாதிரிதான் இருந்தார். சாமியார் பங்களா முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் எங்கள் உபதேசியார் வெள்ளைத்தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். கோயில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கும் மனிதர், வாய் சும்மா இருக்காது.

இளம் சாமியார் முதலில் என்னைத் தனியாக விசாரித்தார். நற்செய்திப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்.

"நான் கேள்வி கேட்பேன். நீங்க சாதாரணமா வீட்டுல பேசுற மாதிரி சொல்லுங்க. உபதேசியார் அதை எழுத்துத் தமிழ்ல எழுதுவார். கடைசில படிச்சுக் காட்டுவோம், சரியா இருந்தா கையெழுத்து. எழுநூறு எண்ணூறு வருஷமா கோயில் கோர்ட்டுல இதான் வழக்கம். அங்க சாட்சிங்க அவங்க ஊர்ப் பேச்சுல சொல்வாங்க, எழுதுறவர் லத்தீன்ல எழுதுவார்."

"லத்தீன் நமக்கு வராதுங்க சாமி," என்றார் உபதேசியார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று உறைத்தது. நாத்தனார் என் மகளுக்குத் தாய் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் யார் அப்படிச் சொன்னாலும் காதைப் பொத்திக்கொண்ட நான், "அவங்கதான் அவளுக்கு ஞானத்துல தாய், அதுல சந்தேகமே இல்லீங்க சாமி" என்று அழுத்திச் சொன்னேன். மகளை என்னிடம் நிறுத்திக்கொள்ள வேண்டுமென்றால் அவளை முதலில் நாத்தனாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உபதேசியார் தலை குனிந்து எழுதிக்கொண்டே போனார்.

இளம் சாமியாருக்கு என் வாதம் பிடித்துவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது. "நீங்க சரித்திர டீச்சர்னு சொன்னாங்க. இதைப் பாருங்க," என்று பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். ரோமாபுரி நூலகத்தில், தோலில் எழுதிய பழைய சட்டப் புத்தகங்களைப் படித்தபோது எடுத்ததாம்.

பக்கத்தின் நடுவில் சட்டம் இரண்டு பத்தியாக இருந்தது. அதைச் சுற்றி நாலு பக்கமும் பொடி எழுத்தில் உரை. அந்த உரைக்கும் வெளியே, கிடைத்த சந்தில் எல்லாம், வேறு வேறு கைகள் கிறுக்கியிருந்தன. ஓரிடத்தில் சட்டைக் கையோடு ஒரு கை வரைந்திருந்தது, அதன் நீட்டிய விரல் ஒரு வரியைக் காட்டியது.

"இது யாரோ ஒரு வக்கீல் போட்டது. வழக்குல இந்த வரி தேவைப்பட்டிருக்கும். கையால எழுதின புஸ்தகம், ஒண்ணுல இருக்கிற பக்கம் இன்னொண்ணுல இருக்காது. அதனால பக்க நம்பர் சொல்ல மாட்டாங்க. சட்டத்தோட முதல் ரெண்டு மூணு வார்த்தையைச் சொல்லுவார் வக்கீல். நீதிபதிக்கு அது எங்க இருக்குன்னு தெரியணும்."

"கோயில்ல பாட்டோட முதல் அடியச் சொன்னா நாங்க புஸ்தகத்துல எடுப்போமே, அதானே சாமி," என்றார் உபதேசியார்.

"அதேதான்."

இரண்டாவது போட்டோவில் எழுத்து குறைவு. தாடி வைத்த ஒரு மனிதர் நின்றுகொண்டு, நெஞ்சிலிருந்து முழங்கால் வரை மறைக்கும் ஒரு பெரிய பலகையைப் பிடித்திருந்தார். பலகை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உறவு. நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அது கல்யாணம் பண்ணப்போகிறவருக்கு. இந்தப் படத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, சாட்சிகள் தாத்தன் பாட்டன் பெயரைச் சொல்லச் சொல்ல, நீதிபதி கட்டங்களில் விரலை நகர்த்தி எண்ணுவாராம். ஒரு காலத்தில் ஏழு தலைமுறைவரை சொந்தத்தில் கல்யாணம் கூடாது என்று இருந்து, பிறகு நாலாகக் குறைத்தார்களாம்.

"அத்த மவ எங்க சாமி இருக்கா?" என்று உபதேசியார் எட்டிப் பார்த்தார்.

"இங்க. இதுக்கு நேரா இந்தப் பக்கம் சித்தி மகள். ரெண்டும் ஒரே தூரம்."

"சித்தி மவளும் அத்த மவளும் ஒண்ணா? இது என்ன கருமம்."

"இதை வரைஞ்சவங்களுக்கு ஒண்ணுதான். அதனாலதான் நம்ம ஊர்ல முறைப்பொண்ணைக் கட்ட ஆயர்கிட்ட எழுதிக் கேக்குறோம்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலிக் கட்டத்துக்கு நேர் மேலே, ஒட்டினாற்போல, அம்மாவின் கட்டம். அத்தையின் கட்டம் ஒரு படி தள்ளி ஓரத்தில். எனக்கு அதில் ஒரு திருப்தி. யாரோ ஒரு தாடிக்காரர் முன்பே எனக்காகச் சொல்லி வைத்தது போல் இருந்தது.

"ஞானத்தாய்க்குக் கட்டம் எங்க சாமி?"

"இந்தப் படத்துல இல்லம்மா. அது படத்துக்கு வெளிய, எழுத்துல இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் இரக்கத்தோடுதான் சொன்னார். "நீங்க சொன்ன விக்கினம் உண்மையிலேயே இருந்திருக்கு. அந்தக் காலத்துல தண்ணி ஊத்தினவங்களோட பிள்ளையும், ஊத்திக்கிட்ட பிள்ளையும் கல்யாணம் பண்ண முடியாது. ஆனா அதை எடுத்து நானூறு வருஷம் ஆச்சு. இங்க வந்த ஏதோ ஒரு பழைய மிஷன் சாமியார் கண்டிப்பா சொன்னது உங்க ஊர்ல அப்படியே தங்கியிருக்கணும். இப்ப இருக்கிற சட்டத்துல, தண்ணி ஊத்தினவரும் ஞானப்பெற்றோரும் அந்தப் பிள்ளையைத்தான் கட்டக் கூடாது, அவங்க மகன் கட்டலாம். அதுவும் இந்த வருஷத்தோட போகுது. புதுச் சட்டத்துல ஞான உறவு விக்கினமே இல்லை."

"அப்ப நான் நானூறு வருஷம் தாமதமா வந்திருக்கேன்."

"ஆமாம்மா."

அந்தக் காலத்துப் பெண்களை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர்களில் ஒருத்தி வந்து நின்றிருந்தால் வக்கீல் மூன்று வார்த்தை சொல்லியிருப்பார், நீதிபதி ஓரத்தில் வரைந்த அந்தக் கையின் விரல் காட்டும் வரியைப் பார்த்திருப்பார், கல்யாணம் நின்றிருக்கும். அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் சிரித்தார். "அப்படி வந்தவங்க ரொம்பக் குறைச்சல். அந்தக் கோர்ட்டுக்கு வந்த சாதாரண ஜனங்கள்ல முக்காவாசி, கட்டிக்கிறேன்னு வாக்குக் கொடுத்துட்டு இப்ப இல்லங்கறான்னு வந்தவங்கதான். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி இல்லை, நடத்தச் சொல்லி."

ஆனால் என் கையில் ஒரு துருப்பு மிச்சம் இருந்தது. அவரே அதைச் சொன்னார். விக்கினம் நிற்காவிட்டாலும், அத்தை மகனைக் கட்டுவதற்கு ஆயரின் விதிவிலக்கு வேண்டும். பெற்ற தாய் மனப்பூர்வமாக மறுக்கிறாள் என்று அவர் எழுதிவிட்டால் ஆயர் யோசிப்பார். யோசித்தால் தபசுகாலம் வந்துவிடும்.

"நாத்தனாரையும் விசாரிச்சுடறேன். அப்புறம் சொல்லுங்க," என்றார்.

நாத்தனார் உள்ளே போனாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். மகள் கோயில் படியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த செம்மண்ணில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் உபதேசியார் கதவருகே வந்து என்னைக் கூப்பிட்டார். முகத்தில் எப்போதும் இருக்கும் கேலி இல்லை.

"ரெண்டு பேர் பேச்சும் பொருந்தலம்மா," என்றார் இளம் சாமியார். "அப்படி வந்தா ரெண்டு பேரையும் சேர்த்து உக்காரவச்சுக் கேக்கலாம். அவங்க சொன்னதை உங்க எதிர்ல திரும்பச் சொல்லச் சொல்லியிருக்கேன்."

நாத்தனார் என்னைப் பார்க்காமல், புத்தகத்தின் மேல் வைத்த தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தண்ணி ஊத்துனது நான் இல்ல. இவதான்."

"அக்கா," என்றேன்.

"இரு டீச்சரு. நான் சொல்லிடுறேன். நர்சு ஓடுனதும் எனக்குக் கையுங்காலும் வெலவெலத்துப்போச்சு சாமி. புள்ள கட்டையாட்டம் கெடக்குது. இவ கண்ண முழிச்சா. தண்ணி கொண்டாங்கன்னா. நான் டம்ளர்ல கொண்டாந்து குடுத்தேன். இவதான் கையில அள்ளி ஊத்துனா. வார்த்தையும் இவதான் சொன்னா, பேரும் இவதான் சொன்னா. ஒரு எழுத்து வுடல, படிச்சவ இல்லியா. புள்ள அழுதுச்சு. இவளுக்கு மறுபடி நெனவு போயிடுச்சு. ராத்திரி முழிச்சப்ப ஒண்ணும் ஞாபகமில்ல. அதுக்குள்ள நர்சு, எந் தம்பி, எல்லாருமே நான்தான் ஊத்துனேன்னு சொல்லிட்டாங்க. என் கையிலதான டம்ளர் இருந்துச்சு."

"நீங்க ஏன் மறுக்கல?"

"எனக்கு மூணும் ஆம்பளப் புள்ள சாமி. எனக்கும் ஆசையா இருந்துச்சு."

உபதேசியார் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"பெற்ற தாயே ஞானஸ்நானம் கொடுத்ததா ஒரு வழக்கு அந்தப் புஸ்தகங்கள்ல உண்டா சாமி?" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டியிருந்தது.

"தகப்பன் கொடுத்த வழக்கு உண்டு. பிள்ளை சாகக் கிடந்துச்சு, வேற ஆள் இல்ல, தகப்பனே ஊத்திட்டான். அதனால அவன் பொண்டாட்டிக்கே ஞான உறவாயிட்டான், பிரிச்சு வைக்கணும்னு வழக்கு. ஆபத்துல செஞ்சது, குத்தமில்ல, பிரிக்காதீங்கன்னு தீர்ப்பு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஞான உறவு தண்ணி ஊத்தும்போதுதான் வரும், பின்னால சடங்குக்கு நின்னதால இல்ல, ஊத்தினது நீங்கன்னா உங்க மறுப்புக்கு ஆதாரமே இல்ல. அவங்க சொல்றது சரியாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்றால் என் மறுப்பு அப்படியே நிற்கும், நாத்தனாரின் சொல்லில் சந்தேகம் விழும், தபசுகாலம் வந்துவிடும், மகள் இன்னும் சில மாதம் என் கூரையின் கீழ் இருப்பாள். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தத் தண்ணீரை நானே என் வாயால் நாத்தனாருக்குக் கொடுத்தவளாவேன். ஆமாம் என்றால் தண்ணீர் எனக்கு, மகள் அவளுக்கு.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் இருந்தது. நினைவு திரும்பியபோது என் வலது கை நனைந்திருந்தது, ரவிக்கைக் கை முழங்கைவரை ஈரம். நர்ஸ் துடைத்துவிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், பிறகு அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க சாமி. முழிச்சப்ப கை ஈரமா இருந்துச்சு. அது மட்டும் தெரியும்."

"ஆட்சேபத்தை வச்சிருக்கீங்களா, எடுத்துக்கறீங்களா?"

"எடுத்துக்கறேன்."

உபதேசியார் எழுதியதைப் படித்துக் காட்டினார். எழுத்துத் தமிழில் எங்கள் இரண்டு பேர் பேச்சும் ஒரே ஆள் பேசியது போல் இருந்தது. கையெழுத்துப் போட்டோம்.

வெளியே வந்ததும் நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். "நெசமா சொல்லுங்க அக்கா. நான் ஊத்துனேனா?"

"சத்தியம் பண்ணிட்டு உள்ள ஒண்ணு, வெளில ஒண்ணு சொல்லுவனா? என்னா டீச்சரு நீ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வூட்டுக்கு வா, காப்பி போடு. தொண்ட வறண்டு போச்சு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடமிருந்து இன்றுவரை ஒரு சொல் வாங்க முடியவில்லை. மகள் விஷயம் தெரிந்ததும் என்னிடம் வந்து என் வலது கையை எடுத்துப் பார்த்தாள், ஏதோ இப்போதும் ஈரமாக இருக்கும் என்பது போல. பிறகு அத்தையிடம் போய் அவள் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அழுவதற்கு அங்கேதான் போனாள்.

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் கல்யாணம் நடந்தது. கரும்புப் பருவம் என்பதால் மாப்பிள்ளைக்கு நீண்ட லீவு கிடைக்கவில்லை, மாலையோடு எறையூர் போய்விட்டார்கள்.

சில வருஷம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் அந்த முன்னறை நினைவு போகவில்லை. சாக்பீஸ் தூளைக் கழுவ வாளியில் கையை விடும்போது திடீரென்று வரும். நாத்தனார் சொன்னது நிஜமானால், என் சொத்து ஒன்றை இருபத்தோரு வருஷம் அவள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பொய்யானால், ஊரே தன்னைக் கொண்டாடிய ஒரே விஷயத்தை என் மகளுக்காக ஒரு மத்தியானத்தில் தூக்கி என்னிடம் எறிந்திருக்கிறாள், நற்செய்திப் புத்தகத்தின் மேல் கைவைத்து. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் எறிந்திருப்பேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். எறிந்திருக்க மாட்டேன். முதலாவது நிஜமானால் எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. இரண்டாவதை நினைத்தால் நன்றி வர வேண்டும், அதுவும் வரவில்லை. இரண்டிலும் பொறாமைதான் வருகிறது. கொடுத்தவள் அவள், வாங்கிக்கொண்டவள் நான். விருந்துகளில் இப்போது கதை மாறிவிட்டது. நான் தண்ணீர் ஊற்றியதாகவும், நாத்தனார் பெரிய மனசோடு அதை ஒப்புக்கொண்டதாகவும் சொல்கிறார்கள். என் கதையிலும் கடைசி வரி அவளுக்கே போகிறது.

மகளின் முதல் பிரசவம் எங்கள் வீட்டில். முதல் பிரசவம் தாய் வீட்டு உரிமை, அதில் யாரும் வாய் திறக்க முடியாது. அரியலூரில் அதே ஆஸ்பத்திரி. வலி எடுத்த அன்று நான் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டேன். என் கணவர் பார்த்துவிட்டு வண்டி கூப்பிடப் போனார். பிரசவ அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து வார்த்தைகளை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆபத்து ஒன்றும் வரக் கூடாது என்று ஜெபித்தேன், வந்தால் என் கைதான் என்றும் ஜெபித்தேன்.

பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நாத்தனார் வேர்த்து விறுவிறுத்து வந்தாள். கையில் எவர்சில்வர் கூஜா.

"என்னக்கா, காப்பியா?"

"தண்ணி," என்றாள். என் பையைப் பார்த்தாள். பாட்டிலின் மூடி வெளியே தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே பிள்ளை அழுத சத்தம் வராந்தா கடைசிவரை கேட்டது. அப்படி ஓர் அழுகை. நர்ஸ் வந்து, பெண் குழந்தை, நல்ல எடை என்றாள். யாருக்கும் யாரும் தண்ணீர் ஊற்றத் தேவை வரவில்லை. நாத்தனார் கூஜாவைத் திறந்து அண்ணாந்து குடித்தாள், பிறகு என்னிடம் நீட்டினாள். "குடி டீச்சரு. வாயெல்லாம் காஞ்சு கெடக்கு ஒனக்கு." வாங்கிக் குடித்தேன். என் பாட்டிலைத் திறக்கவில்லை.

மகள் இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. இரண்டாவது பிரசவம் புகுந்த வீட்டில்தான் என்று நாத்தனார் சொல்லியனுப்பியிருக்கிறாள். வழக்கம் அதுதான். பள்ளியில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், நாள் நெருங்கும்போது பெரம்பலூருக்குப் போய் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வதாக இருக்கிறேன். அலமாரியில் இருந்த பாட்டிலை நேற்று எடுத்து, வெந்நீரில் கழுவி, கவிழ்த்து வைத்தேன்.